மொட்டை மாடியிலிருந்து வந்த எண்கள்

அம்பத்தூரில் நான் வேலை பார்த்த ஆராய்ச்சிக்கூடத்தின் அட்டெண்டர் அவர். வெயிலில் கறுத்த நெடிய முகம், தோளில் எப்போதும் ஒரு துண்டு. தொண்ணூறுகளில், சாயம் ஏற்றிய கண்ணாடியிலிருந்து மின்சாரம் எடுக்க முயன்றுகொண்டிருந்தேன். கண்ணாடியில் பூசும் வெள்ளைப் பசையில் மாவு கலந்து சுட்டால், மாவு எரிந்துபோய் நுண்துளைகள் விழும். அவற்றில் சாயம் ஊறும். எவ்வளவு மாவு கலப்பது என்பதுதான் கேள்வி.

நான் கீழே சுடுவேன். அவர் அதை மொட்டை மாடி வெயிலில் வைத்து, மின்சாரம் அளக்கும் மீட்டருக்குத் துண்டால் நிழல் பிடித்துப் பார்த்து, எண்ணைக் கத்திச் சொல்வார். மாவு கூடக் கூட எண்ணும் ஏறியது. நானும் கூட்டிக்கொண்டே போனேன்.

ஒருநாள் சொல்லாமல் மேலே போனேன். நிழல் பிடித்துக் குனிந்திருந்தார். மீட்டரின் ஒயர் கழன்று கிடந்தது.

“எவ்ளோ காட்டுதுண்ணே?”

“நேத்தைக்கி மேல ஏறிக்கீது சார்,” என்றபடி திரும்பியவர், என் பார்வை போன இடத்தைப் பார்த்தார்.

“எத்தன நாளா இப்படி?” என்றேன்.

“மொதல்ல சரியாத்தான் சொன்னேன் சார். கொறஞ்சா நீ சோறு துன்னாம குந்திகினு கீற. மனசு கேக்கல.”

மாதக்கணக்கில் சுட்ட கண்ணாடிகளைக் குப்பையில் கொட்டினேன். அவரோடு அப்புறம் பேசவில்லை.

பொய் சொன்னதுகூடப் புரிகிறது. ஆளில்லாத மாடியில், ஒயர் இல்லாத மீட்டருக்கு எதற்கு அவ்வளவு பதமாக நிழல் பிடித்தார்?