ஆள் போடும் வேலை

என் தொழில் ஆளைப் போடுவது. அலுவலகத்தில் இதைச் சர்வசாதாரணமாகச் சொல்வோம். ஒருமுறை பேருந்தில் உட்கார்ந்துகொண்டு கைப்பேசியில், "நேத்து பன்னண்டு பேரைப் போட்டேன் சார். ரெண்டு குழந்தையையும் போட்டாச்சு. அந்தக் கிழவரை மட்டும் இன்னைக்குப் போட்டுடறேன்" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தால், எதிர் இருக்கைக்காரர் எழுந்து வாசல் பக்கம் போய்விட்டார். என் முகத்தை ஒரு தடவை சரியாகப் பார்த்திருந்தால், இவன் கொசுவைக்கூட யோசித்துத்தான் அடிப்பான் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

நான் வேலை பார்ப்பது ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில். இன்னும் கட்டாத கட்டடங்களைக் கட்டி முடித்தது போலக் கணினியில் படம் செய்வோம். எங்கள் பாஸ் மாடிகளையும் சுவர்களையும் வரைவார். இன்னொரு பெண் கண்ணாடியையும் வானத்தையும் போடுவாள். கடைசியாகப் படம் என்னிடம் வரும். ஆளில்லாத கட்டடம் ஆஸ்பத்திரியின் பின்வாசல் மாதிரி இருக்கும், அதைப் பார்த்து எவனும் பணம் போடமாட்டான். நான் அதில் கைகோத்த தம்பதி, பலூன் பிடித்த குழந்தை, காலையில் நடக்கப் போகும் கிழவர் என்று வெட்டி ஒட்டுவேன். இருபது வருஷமாக இதே பிழைப்பு. அலுவலகத்தில் என் பெயர் ஆள்போடி. மாமனார் வீட்டில் மட்டும், "மாப்பிள்ளை பெரிய பெரிய கட்டடமெல்லாம் கட்டுறார்" என்று சொல்லிவைத்திருக்கிறார்கள். நானும் மறுத்ததில்லை.

என் படத்தைப் பார்த்து ஊர் ஏமாந்ததோ இல்லையோ, நான் ஏமாந்தேன். ஆறு வருஷத்துக்கு முன் ஒரு பெரிய கம்பெனி, நகரத்துக்கு வெளியே வெகு தூரத்தில் தொள்ளாயிரம் மனைகள் போட்டு விற்றது. 'நெரிசலுக்கு விடை கொடுங்கள்' என்பது விளம்பர வாசகம். அந்தப் படத்தில் நாற்பத்தாறு மரங்களை நட்டவன் நான். குளம் வெட்டியவன் நான். குளக்கரையில் ஒரு தம்பதியை நடக்கவிட்டு, மூன்று வாரம் அதையே பார்த்துப் பார்த்துத் திருத்திக்கொண்டிருந்ததில் எனக்கே ஆசை வந்துவிட்டது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, நானும் ஒரு மனை வாங்கி, அதைத் தவணை முறையில் செய்துகொண்டேன்.

வீடு கட்டிக் குடிபோன அன்றைக்குக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை எல்லைக் கற்கள்தான் தெரிந்தன. என் மரங்கள் முழங்கால் உயரக் குச்சிகளாக நின்றன. காவலாளியிடம், "குளம் எங்கப்பா?" என்று கேட்டேன். "மழை பெஞ்சா வரும் சார்" என்றார். என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் பெட்டிகளை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டேன்.

அவளைப் பற்றிச் சொல்லவேண்டும். நகரத்தின் நட்டநடுவில், வளைந்த மூலையுடன் நிற்கும் மூன்று மாடிப் பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடை இருந்தது. அங்கேதான் அவளுக்கு வேலை. கண்ணாடிக் காலைச் சூடுகாட்டி வளைத்து, காதில் உறுத்தாமல் உட்காரவைப்பதில் அவள் கெட்டி. புதுக் கண்ணாடி மாட்டிய ஒவ்வொருவரையும் கடைக்கு வெளியே நடைபாதைக்கு அழைத்து வந்து, எதிர் வரிசைப் பெயர்ப்பலகைகளை மேலிருந்து கீழாக வாசிக்கச் சொல்வாள். கடைக்குள் இருக்கும் எழுத்து அட்டையில் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. "அட்டையை எல்லாரும் மனப்பாடம் பண்ணி வச்சிருக்காங்க. தெருவை யாரும் மனப்பாடம் பண்ண முடியாது" என்பாள்.

குடிபோனபின் போக இரண்டு மணி நேரம், வர இரண்டரை மணி நேரம். எட்டு மாதம் தாக்குப்பிடித்தாள். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பூட்டிய வாசலில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த அன்று வேலையை விட்டாள். அதன்பின் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்திவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். எப்போதாவது, "இங்க யாருக்கும் கண்ணாடியே தேவையில்லைங்க. படிக்க என்ன இருக்கு? மனை எண் இருநூத்திப் பதினாலு, மனை எண் இருநூத்திப் பதினஞ்சு" என்பாள், அவ்வளவுதான். நான் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரிப்பேன்.

போன வருஷம் மகள் படிக்க விடுதிக்குப் போனாள். மறுவாரமே கண்ணாடிக் கடை முதலாளி, பழைய வேலைக்கு ஆள் தேவைப்படுகிறது, வருகிறாயா என்று கேட்டு அழைத்தார். அவள் அன்றைக்குப் பார்த்த பார்வையில் எனக்கு வயது பத்து குறைந்தது. புதுச் செருப்பு, புதுப் பை, பேருந்துக்கு மாத அட்டை. "நாலரை மணி நேரம் பஸ்ல போகுமே" என்றேன். "போகட்டும். போற வழியில மனுஷங்க இருப்பாங்கல்ல" என்றாள்.

அப்போது என் கணினித் திரையில் என்ன இருந்தது தெரியுமா? அதே மூலை. வளைந்த கட்டடம் இல்லை. அந்த இடத்தில் முப்பத்திரண்டு மாடிக் கோபுரம். ஊரை மூட்டை கட்டி வெளியே அனுப்பிய அதே கம்பெனி, இப்போது தன் தலைமை அலுவலகத்தை நடு நகரத்துக்குக் கொண்டுவரப் போகிறது. புது வாசகம்: 'மீண்டும் நகரத்துக்கு.' ஆறு வருஷத்துக்கு முன் குளக்கரையில் நடந்த தம்பதியையே பாஸ் இதிலும் போடச் சொன்னார். கம்பெனி சொன்னபடியெல்லாம் போய் வந்தவர்கள் இந்த உலகத்தில் அவர்கள் இருவர்தான்.

நான் மனைவியிடம் சொல்லவில்லை. இதற்குப் பல காரணங்கள் வைத்திருந்தேன். அலுவலக ரகசியம் என்பது ஒன்று. இப்படி எத்தனையோ படம் செய்து அலமாரியில் தூங்குகிறது என்பது இன்னொன்று. அவள் சந்தோஷமாக இருக்கட்டும் என்பது மூன்றாவது, அதுதான் இருப்பதிலேயே அழகானது. உண்மையான காரணம் பயம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். நான் முப்பத்திரண்டு மாடியை மறைத்தேன், நாலு மாதம்.

அதோடு விட்டேனா? கம்பெனி அதிகாரி படத்தைப் பார்த்துவிட்டு, "இவங்கெல்லாம் யாரு? வெயில்ல கம்பளிக் கோட்டு போட்டுக்கிட்டு நிக்கறாங்க. நம்ம ஆளுங்களா போடுங்க" என்று திருப்பியனுப்பினார். எங்களிடம் இருந்ததெல்லாம் விலைக்கு வாங்கிய வெளிநாட்டு ஆள் படங்கள். ஒரே நாளில் நம்ம ஆளுக்கு எங்கே போவது? கைப்பேசியில் மனைவியின் படம் இருந்தது. வேலைக்குப் போன முதல் நாள், புதுப் பையுடன் வாசலில் சிரித்துக்கொண்டு நின்றபோது எடுத்தது. வெட்டினேன். கோபுரத்தின் முன்முற்றத்தில் எங்கே வைத்துப் பார்த்தாலும் ஒட்டாமல் நின்றாள். கடைசியில் ஓர் இடத்தில் அழகாகப் பொருந்தினாள். பழைய வரைபடத்தை அடியில் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அது கண்ணாடிக் கடையின் வாசல். அழகாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டேன். அவளுக்கு ஒரு மரியாதை செய்வதாகக்கூட நினைத்துக்கொண்டேன். அசட்டுத்தனத்துக்கும் ஓர் எல்லை உண்டு என்பவர்கள் என்னைப் பார்த்ததில்லை.

கடைக்கு எதிர்க் கட்டடத்தின் மாடியில் நாற்பது அடி விளம்பரப் பலகை ஏறியது. மறுநாள் காலை, ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவருக்கு என் மனைவி புதுக் கண்ணாடி மாட்டி, நடைபாதைக்கு அழைத்து வந்து, வழக்கம்போல் மேலிருந்து வாசிக்கச் சொல்லியிருக்கிறாள். அவர் நிதானமாக வாசித்திருக்கிறார்: "மீண்டும் நகரத்துக்கு. எதிர் மூலையில். முப்பத்திரண்டு மாடி." பிறகு அவளைத் திரும்பிப் பார்த்து, "அம்மா, அந்தப் படத்துல நிக்கறது நீங்கதானே?" என்றிருக்கிறார். கண்ணாடி சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது.

மதியம் எங்கள் அலுவலகத்துக்கு ஏழு மாடி படியேறி வந்தாள். மின்தூக்கி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. கோபத்தைப் படியிலேயே செலவழித்துவிட்டு வந்தவள்போல் மெதுவாகப் பேசினாள்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"நாலு மாசமா."

"நான் பஸ் அட்டை வாங்கினப்போ?"

"தெரியும்."

"செருப்பு வாங்கறப்போ கூட வந்தீங்களே. அப்போ?"

நான் அவசரமாகத் திரையை அணைத்தேன்.

"என் கடையை எடுத்துட்டு, அதே இடத்துல என்னைச் சும்மா நிக்க வச்சிருக்கீங்க" என்றாள். "இத்தனை வருஷமா சும்மா நின்னது போதலையாங்க?"

அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு அவள் வேலைக்குத் திரும்பிப் போனாள். 

அடுத்த வாரம் அந்தக் கட்டடத்துக் கடைக்காரர்களைச் சமாதானப்படுத்த எங்கள் அலுவலகத்திலேயே கூட்டம். திரையில் படம். படத்தை இயக்குவது நான். கண்ணாடிக் கடை முதலாளியோடு என் மனைவியும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். என்னைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

கம்பெனி அதிகாரி பேசி முடித்ததும் என் மனைவி எழுந்தாள். "படம் போடறவரே, அந்த அம்மாவைக் கொஞ்சம் பெரிசாக்குங்க" என்றாள் என்னைப் பார்த்து. பெரிதாக்கினேன். வேறென்ன செய்வேன்? திரையில் அவள் ஆளுயரத்துக்குச் சிரித்தாள். கூட்டம் அவளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தது.

"நான் இங்க நிப்பேன்னு நீங்களே போட்டிருக்கீங்க. எந்தக் கடையில வேலை பாப்பேன்? கீழ பேங்கும் காபிக் கடையும்தானே தெரியுது?"

அதிகாரிக்கு வியர்த்தது. "அது சும்மா படம்மா. படத்துல இருக்கறவங்க யாரும் உண்மையா வர்றவங்க இல்ல. உங்களுக்கு வேணும்னா எங்க டவுன்ஷிப்ல கடை ஒதுக்கித் தர்றோம்."

முதலாளி தயக்கத்துடன், "அங்க ஆளுங்க வருவாங்களா?" என்று கேட்டார்.

"நான் அங்கதாங்க குடியிருக்கேன்" என்றாள் என் மனைவி. "பகல்ல தெருவுல இருக்கறது நான் ஒருத்திதான். எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் பழக்கதோஷத்தில் சிரிக்க வாயைத் திறந்தேன், அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

சிரித்து என்ன? கட்டடம் போவது போவதுதான். முதலாளி பின்சந்தில் ஒரு முதல் மாடி அறையைப் பிடித்துக் கடையை மாற்றினார். அவளும் கூடவே போனாள். நகரத்திலேயே இருக்கும் தன் சித்தி வீட்டில் தங்கிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். "சனி ஞாயிறு வருவியா?" என்று கேட்டேன். "பாக்கலாம்" என்றாள். மூன்று வாரம் வரவில்லை.

இதற்கிடையில் பாஸ் கூப்பிட்டு, "அந்தம்மாவைப் படத்திலேர்ந்து எடுத்துடு" என்றார். அது யார் என்று அவருக்குத் தெரியும். தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை, அந்த மட்டில் நல்ல மனிதர். கணினிப் படம் பல அடுக்குகளால் ஆனது. ஆள் ஓர் அடுக்கில் இருக்கும், ஆளின் நிழல் வேறோர் அடுக்கில் இருக்கும், இரண்டையும் தனித்தனியாக நீக்கவேண்டும். நான் அவளை நீக்கிவிட்டு, திரையைத் திரும்பிப் பார்க்காமல் அனுப்பிவிட்டேன். நாலு நாளில் புதுப் பலகை ஏறியது. முற்றத்தில் பையோடு ஒரு பெண்ணின் நிழல் நீளமாக விழுந்து கிடக்கிறது, பெண்ணைக் காணோம். "இருபது வருஷமா ஆளைப் போட்டவனுக்கு ஒரு ஆளை ஒழுங்கா எடுக்கத் தெரியல" என்றார் பாஸ்.

அன்று மாலை மனைவியே கைப்பேசியில் அழைத்தாள். பேச முடியாமல் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. அந்தத் தைரியத்தில், "வீட்டுக்கு வாயேன்" என்றேன்.

சிரிப்பு நின்றது. "நான் அங்க வரமாட்டேங்க. உங்களைப் பிடிக்காம இல்ல. அந்த இடத்துல என்னால இருக்க முடியாது. வேணும்னா நீங்க இங்க வாங்க. வீட்டை வித்துடுங்க."

"யாரு வாங்குவா?"

"ஒரு படம் எடுத்துப் போடுங்க. மரம், குளம், ஆளு எதுவும் ஒட்டாதீங்க. இருக்கறதை இருக்கறபடி எடுங்க."

ஒரு செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்தேன். வெளிச்சம் நன்றாக இருக்கும் என்று காலை பதினோரு மணிக்குக் கைப்பேசியுடன் வீட்டுக்கு எதிர் ஓரத்தில் போய் நின்றேன். இத்தனை வருஷத்தில் ஒரு வேலைநாளில் அந்த நேரத்தில் அந்தத் தெருவில் நான் நின்றதே இல்லை. வீடு தெரிந்தது, தெரு தெரிந்தது. தொழில் புத்தி போகுமா? யாராவது ஓர் ஆள் வீட்டு முன்னால் நடந்து போனால் படம் கொஞ்சம் உயிரோடு இருக்குமே என்று காத்திருந்தேன். ஒட்டினால்தானே தப்பு, தானாக வந்தால் தப்பில்லையே. கால் மணி ஆயிற்று. அரை மணி ஆயிற்று. இரண்டு பக்கமும் பார்த்தேன். ஒரு சைக்கிள் கூட வரவில்லை. பன்னிரண்டு மணிக்கு எனக்கு யாரோடாவது ஒரு வார்த்தை பேசவேண்டும் போலிருந்தது. ஒரு மணி நேரத்துக்கே எனக்கு இப்படி என்றால் அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று தோன்றியபோது வெட்கமாக இருந்தது, கண்ணும் கலங்கியது.

அப்படியே எடுத்து அவளுக்கு அனுப்பினேன்.

"இப்பத்தான் சரியா எடுத்திருக்கீங்க" என்று பதில் வந்தது.