பொட்டு வைத்த கம்ப்யூட்டர்

நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போதே எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரைப் பழுது பார்த்தவள். இதை இதுவரை நூறு பேரிடமாவது சொல்லியிருப்பேன். என் அம்மா இருநூறு பேரிடம் சொல்லியிருப்பாள்.

செவிலிமேட்டில் எங்கள் தெருவிலேயே கம்ப்யூட்டர் இருந்தது எங்கள் வீட்டில்தான். வாலாஜாபாத்தில் கம்ப்யூட்டர் வாத்தியாராக இருந்த மாமா, அம்மாவின் தம்பி, பழைய பாகங்களைச் சேர்த்துப் பூட்டிக் கொடுத்தது அது. அதில்தான் அம்மா பட்டுப்புடவைக்கு டிசைன் போடுவாள். அவளைப் பெற்றவர்கள் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். எங்கள் வகையறாவில் யாரும் பட்டைத் தொட்டதுகூட இல்லை. அவள் மட்டும் பயிற்சிக்குப் போய்க் கற்றுக்கொண்டு, நாலு வருஷம் பிறர் வரைந்ததையே பார்த்துப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த வருஷம்தான் சொந்தமாக ஒரு கரை வரைந்திருந்தாள். ஆவாரம்பூக் கரை. விஜயதசமி காலை பதினொரு மணிக்குள் அது அட்டை குத்துகிறவரிடம் போய்ச் சேர வேண்டும். அவர் குத்தித் தரும் அட்டையை வைத்துத்தான் தறியில் பூ விழும். நேரம் தவறினால் புடவை நெய்ய வைக்கும் முதலாளி பழைய மாங்காய்க் கரையையே போட்டுக்கொள்வார்.

அதற்கு முதல் நாள் ஆயுத பூசை. அப்பா வேன் ஓட்டுகிறவர். "ஓடாத வண்டிக்கு எவனாவது பூசை போடுவானா? ஆன் பண்ணி வைம்மா" என்று சொல்லி, ஓடுகிற கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்தார். மானிட்டர், மவுஸ், மேலே கவ்விக்கொண்டிருந்த கேமரா என்று எதையும் விடவில்லை. நான் பூசையை வீடியோவில் படம் பிடிப்பதற்காக அந்தக் கேமராவை முன்பே ஓடவிட்டிருந்தேன். கற்பூரம் காட்டியானதும் நிறுத்தப் போனேன். "சாமி கிட்ட வச்சிருக்குது, தொடாதே" என்று அப்பா கையைத் தட்டிவிட்டார். பூசையில் வைத்த சாமானை மறுபூசை முடியும்வரை எங்கள் வீட்டில் யாரும் தொடக் கூடாது. சரி என்று விளையாடப் போய்விட்டேன்.

மறுநாள் மறுபூசை முடிந்து ஒன்பது மணிக்கு அம்மா உட்கார்ந்தபோது திரை அசையவே இல்லை. அணைத்துப் போட்டாள். பாஸ்வேர்டு கேட்டது, கொடுத்தாள். திரை ஒரு கணம் கறுத்துவிட்டு மறுபடியும் பாஸ்வேர்டு கேட்டது. திரும்பத் திரும்பக் கொடுத்தாள். திருப்பதியில் ஜருகண்டி சொல்வதுபோல் உள்ளே விட்டு உடனே வெளியே தள்ளியது.

"எழுத்து தப்பாப் போடுறியோ இன்னாவோ" என்றார் அப்பா.

"தப்புன்னா தப்புன்னு சொல்லும். இது உள்ள வுட்டுல்ல துரத்துது" என்றாள் அம்மா. சொல்லிக்கொண்டே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

மாமாவைப் போனில் பிடித்தோம். அவர் சொன்ன மூன்று பொத்தான்களை ஒன்றாக அழுத்தியதும் வெறும் கறுப்புத் திரையில் எழுத்து மட்டும் வந்தது. ஒரு எழுத்து பிசகினால் பூ போய்விடுமோ என்று அம்மா கையை இழுத்துக்கொண்டாள். நான் உட்கார்ந்தேன். அவள் ஸ்பீக்கரில் போனைப் பிடிக்க, மாமா சொல்லச் சொல்ல நான் தட்டினேன்.

"நூறுன்னு காட்டுதா பாப்பா? அப்போ உள்ள இடமே இல்ல. அதுக்கு மூச்சு முட்டுது. இருக்கறதுலயே பெரிய ஃபைல் எது, படி."

படித்தேன். நான் எடுத்த பூசைப் படம்தான் முதலில் நின்றது. மாமா அதன் அளவை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு, "அதை அழிச்சிடலாமா?" என்றார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். எவ்வளவு ஆசையாக எடுத்த படம்! ஆனாலும் அம்மாவுக்காக எதையும் கொடுக்கலாம் என்று தோன்றியது. "அழிச்சிடுறேன் மாமா" என்றேன், ராஜ்யத்தையே கொடுப்பவள்போல.

இந்த முறை பாஸ்வேர்டு போட்டதும் கம்ப்யூட்டர் துரத்தவில்லை. கட்டம் கட்டமாக மஞ்சள் ஆவாரம்பூ திரை முழுக்க வந்தது. அம்மா அழுதேவிட்டாள். நான் அவள் முதுகைத் தட்டி, "அழாதேம்மா, அடுத்த வருசம் வேற படம் எடுத்துக்கலாம்" என்றேன். போனில் மாமா விழுந்து விழுந்து சிரித்தார். எதற்கென்று எனக்கு விளங்கவில்லை.

அம்மா பென் டிரைவோடு அப்பாவின் வேனில் பறந்தாள். பதினொன்றுக்குப் பத்து நிமிடம் முன்னால் கொடுத்துவிட்டாள். அந்தக் கரை போட்ட புடவை இன்றும் நெய்யப்படுகிறது. எந்தக் கல்யாணத்தில் பார்த்தாலும், கட்டியிருப்பவர் யாரென்றே தெரியாவிட்டாலும், "எங்க அம்மா போட்டது" என்று போய்ச் சொல்லிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவேன்.

கல்லூரி லேபில் ஒரு கம்ப்யூட்டர் இதேபோல் என்னை வெளியே தள்ளிய அன்றுதான், எங்கள் வீட்டில் இடத்தை அடைத்தது யார் என்ற கேள்வி எனக்கு வந்தது. உடனே அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அப்பவே தெரியும் கண்ணு" என்றாள். "தெரு பூரா சொல்லிக்கினு வந்தியே, அதைப் போய்க் கெடுப்பனா? சரி பண்ணது நீதானே, அது பொய்யா? ஆனா அந்தப் படத்துல ஒண்ணுமே இருந்திருக்காது. உங்கப்பா கேமரா கண்ணு மேலயே சந்தனத்தை அப்பி வச்சிருந்தாரு. நான்தான் தொடச்சேன்."

ஒரு பகலும் ஓர் இரவும் வெறும் இருட்டைப் படம் பிடித்து, அதை அம்மாவுக்காகத் தியாகம் செய்து, அவள் அழுததும் அதற்காகத்தான் என்று நினைத்து ஆறுதல் வேறு சொல்லியிருக்கிறேன்.