துருவின் மேல் வெள்ளிப் பூச்சு

பிற்பகல் இரண்டு மணி நாற்பது. தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்ததால் மன்னார் நகரில் நான் வேலை பார்க்கும் கந்தோரின் யன்னல்களைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். மகளிடமிருந்து அழைப்பு வந்தது. வேலை நேரத்தில் அவள் என்னை அழைப்பதே இல்லை.

“அப்பா, காஸ் லீக்காகுது. கதவு திறக்குதில்லை…”

பிறகு இருமல். அவளுடையது மட்டுமல்ல, பல பெண்களின் இருமல். தொடர்பு அறுந்தது.

என் மகள் உயர்தரப் படிப்பு முடித்துவிட்டு, மன்னார்த் தீவின் கடலோரம் இருக்கும் ஒரு நண்டுத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலைக்குப் போகிறாள். பெரிய மண்டபத்தில் பெண்கள் வரிசையாக நின்று, அவித்த நண்டை உடைத்துச் சதை எடுப்பார்கள். அந்த இடம் எங்கள் கரையோர மீனவர்களுக்கு ஐஸும் தயாரித்துக் கொடுக்கிறது. ஐஸ் உறைய வைக்கும் அமோனியாக் குழாய், மண்டபத்து முன்வாசலுக்கு மேலாகத்தான் போகிறது.

போன மாதம் வெளிநாட்டிலிருந்து நண்டு வாங்குபவர்கள் பார்க்க வந்தார்கள். அதற்கு முன் தொழிற்சாலை முழுவதும் வெள்ளி நிறப் பெயின்ற் அடித்தார்கள். துருவைச் சுரண்டவில்லை. குழாயைக் கழற்றிப் பார்க்கவில்லை. “கண்ணில பட்டதுக்கெல்லாம் அடிக்கிறாங்கள் அப்பா. கொஞ்சம் அசையாமல் நிண்டால் எனக்கும் அடிச்சுப்போடுவாங்கள்” என்று மகள் சொன்னபோது வீட்டில் எல்லோரும் சிரித்தோம்.

அந்த மண்டபத்துக்கு இன்னொரு வாசல் உண்டு, கடற்பக்கமாக. ஆபத்துக்கு ஓடுவதற்கென்று வைத்த இரும்புக் கதவு. ஆனால் சோளகம் தொடங்கினால் அந்தப் பக்கத்தால் மண் வந்து நண்டுச் சதையில் விழும். அதனால் பருவம் முடியும்வரை அதைத் தாழிட்டே வைப்பது அங்கே வழக்கம். உப்புக் காற்றில் மாதக்கணக்காக இழுபடாமல் கிடந்த தாழ்ப்பாள் கதவோடு ஒட்டிப்போயிருந்தது. பெயின்ற் அடிக்க வந்தவர்கள் கதவு, தாழ்ப்பாள், கதவைத் தாங்கும் பிணைச்சல், நிலை என்று பாராமல் எல்லாவற்றுக்கும் ஒரே பூச்சாகப் பூசிவிட்டுப் போனார்கள்.

மோட்டார் சைக்கிளை எப்படி ஓட்டினேன் என்று எனக்கு இப்போதும் தெரியாது. தொழிற்சாலை வாசற் படலையடியில் காவலாளி மறித்தான். கண்ணைத் திறக்க முடியாத நெடி.

“உள்ளுக்கு விட எனக்கு ஓடர் இல்லை சேர். கொழும்பு ஹெட் ஒபிசுக்குக் கோல் எடுத்திருக்கு.”

“என்ர பிள்ளை உள்ளுக்குத் தம்பி!”

“என்ர தங்கச்சியும் உள்ளுக்குத்தான் சேர்” என்றான். “முன்வாசலிலதான் காஸ் அடிக்குது, அந்தப் பக்கத்தால ஏலாது. கடற்கரையால ஓடுங்கோ, நானும் வாறன்.”

வேலியைச் சுற்றி ஓடினோம். கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த இரண்டு மீனவர்கள் எங்களுக்கு முன்பே அங்கே நின்று கதவை இழுத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளேயிருந்து கைகள் தட்டும் சத்தம் கேட்டது. என் மகளின் பெயரைக் கத்தினேன். பதில் வந்ததா என்றுகூடப் பிரித்தறிய முடியவில்லை. இரும்புத் தகடு ஒன்றுதான் எங்களுக்கிடையில். அதன் தாழ்ப்பாள் அவர்கள் பக்கம், வலிமை எங்கள் பக்கம்.

அப்போது உள்ளே ஒரு பெண்ணின் குரல் எல்லாவற்றுக்கும் மேலாகக் கேட்டது.

“மேசையத் தூக்குங்கடி! வெளிய நிக்கிற ஆக்கள் விலகுங்கோ!”

நண்டு உடைக்கும் மேசையால் கதவை இடித்தார்கள். மறுபடி இடித்தார்கள். தாழ்ப்பாள் அசையவே இல்லை. ஆனால் மறுபக்கம் கதவைத் தாங்கியிருந்த பிணைச்சல்கள் பிஸ்கற் போல் நொறுங்கின. கதவு அப்படியே வெளியே மணலில் விழுந்தது. ஈரமான தலைத்தொப்பிகளால் வாயைப் பொத்திக்கொண்டு பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து வந்தார்கள். காற்று கடலிலிருந்து அடித்ததால் வெளியே வந்ததும் மூச்சுவிட முடிந்தது. கடைசியில் வந்தவர்களில் என் மகள் இருந்தாள். கண் திறக்க முடியாமல் என் சட்டையைத் தடவிப் பார்த்துத்தான் என்னை அடையாளம் கண்டாள்.

மேசையைத் தூக்கச் சொன்னவர் அவளோடு வேலை செய்யும் முஸ்லிம் பெண். எல்லோரும் அக்கா முறையில் ராத்தா என்றே கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் குழாயை விலக்கிவிட்டு, “நண்டு உடைச்சுப் பழகின கை அண்ணன், கதவு எம்மாத்திரம்” என்றார். சிரிக்க முயன்று இருமினார். நான்தான் அழுதேன்.

யாரும் சாகவில்லை என்பதால் அது செய்தியாகக்கூட வரவில்லை. என் மகளுக்குக் குரல் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இரைந்தாலே திடுக்கிட்டு எழும்புகிறாள். தொழிற்சாலை மூடப்பட்டதும் ஐஸ் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்தன. பிடித்த நண்டை வாங்க ஆளில்லாமல் மணலில் புதைத்தார்கள். நாட்கூலிக்குப் போன பெண்களின் வீடுகளில் கடைக்காரர் கடன் கொடுப்பதை நிறுத்தினார். இவ்வளவும் ஒரு துண்டுக் குழாயையும் ஒரு தாழ்ப்பாளையும் மாற்ற மனமில்லாததால் வந்தது. அந்தக் குழாயில் காசு மிச்சம் பிடித்தவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள். அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் எங்கள் கரையில் இருக்கிறார்கள்.

கடலோரத்தில் இரும்பு துருப்பிடிக்கும் என்பது எங்கள் ஊரில் சைக்கிள் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். சோளகம் வந்தால் செயினுக்கு எண்ணெய் போடாத வீடு இல்லை. அத்தனை பேரை உள்ளே வைத்து வேலை வாங்கியவர்களுக்கு மட்டும் தெரியாதா? எங்களைக் காப்பாற்றியது அவர்களுடைய எந்த ஏற்பாடும் இல்லை. தாழ்ப்பாளை இறுக்கிய அதே துரு பிணைச்சலையும் தின்றிருந்தது, அவ்வளவுதான். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நன்றி வருவதில்லை. எழுந்துபோய் வீட்டுக் கதவின் தாழ்ப்பாளை இழுத்துப் பார்க்கிறேன்.

ஒரு கிழமை கழித்துத்தான் கொழும்பிலிருந்து வான் வண்டி வந்தது. பெற்றோர் சிலர் படலையடியில் நின்றோம். நிறுவனத்தின் பெரியவர் இறங்கினார், மரியாதையாகத்தான் பேசினார். மணலில் பொறுக்கி வைத்திருந்த பிணைச்சலை அவரிடம் நீட்டினேன். அதன் வெளிப்புறம் வெள்ளிப் பூச்சில் பளபளத்தது. அவர் கையில் வாங்கியதும் உள்ளிருந்து செம்மண் போல் துரு உதிர்ந்து அவருடைய வெள்ளைச் சட்டையில் விழுந்தது. அவர் அதைத் தட்டிவிட்டார். பிணைச்சலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, உண்மையாகவே விளங்காதவர் போல், பக்கத்தில் நின்ற தன் ஆளிடம் கேட்டார்:

“ஏன், இதுக்குப் போன மாசம்தானே பெயின்ட் அடிச்சோம்?”