வீங்கிய கணுக்கால்

திருச்சுழி மைதானத்தில் பெண்பிள்ளைகளுக்குக் கால்பந்து கற்றுத்தந்தவர் அவர். கொல்கத்தாவில் சம்பளத்துக்கு ஆடியவராம். அகன்ற தோள்கள். வாயில் எப்போதும் பாக்கு. பிள்ளைகள் ஓடும் மைதானத்திலேயே துப்புவார்.

ஒரு போட்டியில் என் அக்கா மகளுக்குக் கணுக்கால் வீங்கிவிட்டது. அவர் அதில் வலி மரத்துப்போகும் மருந்தை அடித்து, "எந்திரி, போயி ஆடு" என்று முதுகில் தள்ளினார்.

"புள்ளயால நிக்கவே முடியல சார், விட்டுருங்க" என்றேன்.

"கொல்கத்தாவுல எனக்கும் ஊசியப் போட்டுத்தான் எறக்கிவிட்டாக. நான் ஆடலையா?"

சொல்லிவிட்டு உட்கார்ந்தவர், மடங்காத வலது காலை இரண்டு கைகளாலும் தூக்கி நீட்டிவைத்தார். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

தன் காலைக் கெடுத்தவர்கள்மேல் அவருக்கு ஏன் கோபமே வரவில்லை என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.