ரம்ப விளம்பரத்து மீசைக்காரன்

பழைய இரும்புக் கடையில் அந்தத் தகரப் பலகையைப் புரட்டினேன். ரம்பத்தைத் தோளில் சாய்த்துச் சிரிக்கும் அதே மீசைக்காரன்! முகவரியில் பின்கோடு இல்லை. அது வருவதற்கு முந்திய காலத்துப் பலகை. கைக்கருவி விளம்பரங்களைத் தேடித்தேடிச் சேர்ப்பவன் நான். ஆனாலும் இதைச் சட்டென்று கவிழ்த்து வைத்தேன்.

சின்ன வயதில், பள்ளிக்குப் போகும் வழியில், பாயின் ஹார்டுவேர் கடை வாசலில் அவன் தொங்கினான். எந்தப் பக்கம் நகர்ந்தாலும் கண்கள் கூடவே வரும். ஒருநாள் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஓடினேன். பனியன் மூட்டை ஏற்றிய டெம்போ கிறீச்சிட்டு நின்றது. பாய் என்னை இழுத்துக்கொண்டார்.

"ஏங்கண்ணு, கண்ண மூடிட்டா ரோட்டத் தாண்டுவாங்க?"

"அவன் அறுத்துப்போடுவானுங்க..."

"அட, அது வெறும் தகரம் கண்ணு!"

சிரித்தார். என் நடுக்கம் நிற்கவில்லை என்றதும் ஏணி போட்டு ஏறி, பலகையைச் சுவர் பக்கம் திருப்பி மாட்டினார்.

அதனால்தான் இந்தப் பலகையின் முதுகெல்லாம் துருவேறியும் முகம் மட்டும் வெயில் படாமல் பளபளக்கிறது. வாங்கி வந்து என் அறையில் மாட்டியிருக்கிறேன். இங்கேயும் அவன் சுவரைத்தான் பார்க்கிறான்.