குரல் போன வாரம்

ஆண்டவருக்குள் பிரியமானவர்களே, களைப்போடுதான் எழுதுகிறேன். களைத்தவளுக்கு அவர் செய்த ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. பாளையங்கோட்டையில், தொலைபேசி வழியே வைத்தியம் பார்க்கும் ஒரு சிறு நிறுவனத்தில் நான் மேலாளர். ஆற்றோர ஊர்களில் எங்களுக்கு மையங்கள் இருந்தன. அங்கே ஒரு நர்ஸ் இருப்பார். இதயத் துடிப்பைப் படமெடுக்கும் கருவி இருக்கும். படம் ஃபேக்ஸில் எங்களுக்கு வரும். டாக்டர் பார்த்துச் சொல்வதை நர்ஸ் செய்வார். அவசரமென்றால் ஜீப் போகும்.

வாழை பக்கக்கன்று விடுவதுபோல நிறுவனம் வளர்ந்தது. தச்சநல்லூர், ஸ்ரீவைகுண்டம், திருச்செந்தூர் என்று போய்க்கொண்டே இருந்தது. நர்ஸுகள், தொலைபேசி அறைக்காரர்கள், ஓட்டுநர்கள் என எல்லோருக்கும் நடுவில் நான்.

அதற்குள் ஒரு பிணக்கு. தொலைபேசி அறையின் பொறுப்பாளர் சண்முகம் அண்ணாச்சி, தன் மகளின் கல்யாணப் பத்திரிகையை ஸ்ரீவைகுண்டம் மையத்து நர்ஸ் ஸ்டெல்லாவுக்குத் தபாலில் அனுப்பிவிட்டார். நம் ஊரில் இது போதாதா? வீடேறி வந்து, தட்டில் வைத்துத் தராத பத்திரிகை அழைப்பே அல்ல. ஸ்டெல்லா பேச்சை நிறுத்தினாள். நர்ஸுகள் எல்லாம் அவள் பக்கம். தொலைபேசி அறை முழுக்க அண்ணாச்சி பக்கம்.

"எக்கா, அவர்ட்ட சொல்லிருங்க."

"அம்மா, அந்தப் பிள்ளைட்ட நீங்களே சொல்லுங்க."

ஒவ்வொரு சொல்லும் என் தொண்டை வழியாகத்தான் போனது. ஜீப் நகரவும் என் வாய் திறக்க வேண்டும். வீட்டில் படுத்தாலும் காதுக்குள் மணி அடித்தது.

ஐப்பசி மழையில் அந்தத் தொண்டை கட்டிக்கொண்டது. முதலில் கரகரப்பு. பிறகு வெறும் காற்று. ஞாயிறு ஆராதனைக்குக் கோவிலில் பாட வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. முழங்காலில் நின்று அழுதேன். ஆண்டவரே, என் குரலைத் தாரும், நான் பேசாவிட்டால் அங்கே ஓர் உயிர் போய்விடும் என்று மன்றாடினேன். குரல் வரவில்லை. வானமும் என்னைப்போலவே ஊமையாக, சாம்பலாக நின்றது.

அந்த வாரத்தில் ஒரு மத்தியானம் மணி அடித்தது. அண்ணாச்சி எடுத்தார். அந்தப் பக்கம் ஸ்டெல்லா. என் குரல் போனதை மறந்து, வழக்கம்போல ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

"எக்கா! வாழைத்தார் சுமக்கிற ஆளு ஒருத்தரு, நெஞ்சப் பிடிச்சிக்கிட்டுச் சாயுதாரு. எக்கா, இருக்கீகளா?"

இருந்தேன். பேச முடியவில்லை. கண்ணை மூடினேன். இயேசுவே என்பதற்கு மேல் ஒரு சொல்லும் உள்ளே எழவில்லை.

ஸ்டெல்லாவின் அலறல் அறை முழுக்கக் கேட்டிருக்க வேண்டும். என் கையிலிருந்த ரிசீவரை யாரோ பைய வாங்கினார்கள்.

"நாந்தான் சண்முகம் பேசுதேன்."

அந்தப் பக்கம் மழைச்சத்தம் மட்டும். பிறகு, "எக்காட்ட குடுங்க."

"அவங்களுக்குத் தொண்டை போயிட்டு தாயீ. என்னை ஏசணும்னா நாளைக்கு ஏசு. இப்ப அந்த ஆளு எப்படி இருக்காரு, அதச் சொல்லு."

"வேர்த்து ஊத்துது. படம் எடுத்துட்டேன்."

"அனுப்பு. டாக்டர் இங்கனதான் நிக்காரு. ஜீப்பு செய்துங்கநல்லூர்ல கிடக்கு, அதை உன் பக்கம் திருப்பிவிடுதேன்."

படம் வந்தது. மாரடைப்பு என்றார் டாக்டர். கொடுக்க வேண்டிய மாத்திரையை அவர் சொல்லச் சொல்ல, அண்ணாச்சி போனில் சொன்னார். ஸ்டெல்லா திருப்பிச் சொன்னாள். நான் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த அறையில் என் வேலை அவ்வளவுதான்.

ஜீப் அங்கே போய்ச் சேர்ந்ததும் ஸ்டெல்லா மறுபடி கூப்பிட்டாள். "பத்திரிகையத் தபால்ல விடுற மனுசனுக்கு, ஜீப்ப மட்டும் வாசல் வரைக்கும் அனுப்பத் தெரியுது!"

அண்ணாச்சி சிரித்தார். திருநீற்று நெற்றி வேர்த்திருந்தது. "முருகா" என்றார். நான் சத்தமில்லாமல் "ஸ்தோத்திரம்" என்றேன்.

அந்த மனிதர் பிழைத்தார். மழை விட்ட பிறகு அவரும் மனைவியும் வந்து, எங்கள் பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்கள். பின்னாளில் தன் பேரனின் காதுகுத்துக்கு அண்ணாச்சி வெற்றிலைபாக்கோடு பஸ் ஏறி ஸ்ரீவைகுண்டம் போய் ஸ்டெல்லாவை அழைத்தார். அதற்கு வெகு முன்பே, எனக்குக் குரல் திரும்பியபோது, நர்ஸுகளும் தொலைபேசி அறையும் தங்களுக்குள் சண்டையே போடும் அளவுக்குப் பேசப் பழகியிருந்தார்கள். நான் அதில் புகவில்லை.

களைப்பு தீர்ந்துவிட்டதா? இல்லை. நிறுவனம் இன்னும் வளர்ந்தது, நானும் இன்னும் தேய்ந்தேன். ஆனால் எல்லாம் என் தொண்டையில் தொங்குகிறது என்ற பயம் போய்விட்டது. குரலைக் கேட்டேன், அவர் என் மௌனத்தை எடுத்துப் பயன்படுத்தினார். ஓர் உயிர் போய்விடும் என்று அழுதேன். அந்த உயிரைத் தந்தார்.

என்னைப்போல் எல்லாவற்றையும் தாங்கித் தாங்கித் துவண்டவர்களே, இன்று ஒரு மணியை அடிக்க விடுங்கள். எழுந்து ஓடாதீர்கள். நம்பி உட்கார்ந்திருங்கள்.

இதோ, பக்கத்து அறையில் தொலைபேசி அடிக்கிறது. யாரோ எடுக்கிறார்கள்.