எருக்குழிக்குப் போன தண்ணீர்

இருசாயி அம்மாளைக் கொன்றது நாம்தான். நகரசபை அதற்கு வாந்திபேதி என்று பெயர் வைத்திருக்கிறது. முந்தாநாள் காலை குப்பை வண்டிக்காரர் சின்னான் அலுவலக வாசலில் நின்று, "இருசாயி போயிட்டாங்க சாமி" என்றார். "எருக்குழிக்கு இன்னிக்கு ஆள் யாரு?" என்றுதான் என் மேலதிகாரி கேட்டார்.

அம்மாபேட்டைக்கு அப்பால், ஊரின் குப்பையையும் மலத்தையும் குழிகளில் அடுக்கி, மண் மூடி, நீர்விட்டுக் கிளறி எருவாக்கும் இடத்தில் இருசாயி அம்மாள் வேலை செய்தார். அஸ்தம்பட்டி பங்களாக்களின் ரோஜாக்கள் பூப்பது அந்த எருவில். பக்கத்துத் தோட்டத்துப் பண்ணையக்காரர் தம் கிணற்றிலிருந்து குழிகளுக்குத் தண்ணீர் விடுவார். பதிலுக்கு எரு எடுத்துக்கொள்வார். ஒரே கட்டுப்பாடு: வாய்க்கால் நீர் குழிக்குள் விழுந்த பிறகுதான் அங்கே வேலை செய்பவர்கள் அதைத் தொடலாம். குப்பைக்கு நல்ல தண்ணீர். அவர்களுக்குச் சேரிக் கிணறு. அது வற்றினால் மாடுகள் புரளும் குட்டை.

நான் மேற்பார்வைக்குப் போன புதிதில் பண்ணையக்காரர் தம் கத்திரிக்காயைக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார். குழிக்குள் நின்றபடியே இருசாயி அம்மாள் கேட்டார்.

"ஏனுங்க சாமி, நாங்க தொட்ட எருவுல வெளஞ்சது தொண்டையில எறங்குதுங்களா?"

"மண்ணுக்குள்ள போனா எல்லாஞ் சுத்தமாயிரும்."

"அப்ப எங்களையும் ஒருக்காப் பொதைச்சு எடுத்துருங்க சாமி. ஒரு சொம்பு தண்ணியாச்சும் கெடைக்கும்."

பெண்கள் சிரித்தார்கள். பண்ணையக்காரர் சிரிக்கவில்லை.

சென்ற கோடையில், நீர் குழிக்குள் விழுவதற்கு ஒரு சாண் முன்பாக, வாய்க்காலில் இருசாயி அம்மாள் குடத்தைப் பிடித்துவிட்டார். பண்ணையக்காரர் குடத்தை உதைத்து உடைத்தார். தீட்டுப் போக அந்த இடத்தைச் சாணியால் மெழுக வேண்டும் என்றார். எருக்குழி ஓரத்தில் குனிய அவருடைய ஆட்கள் மறுத்தார்கள். ஆகவே இருசாயி அம்மாளையே மெழுக வைத்தார். மெழுகிவிட்டு வந்து அவர் என் முன்னால் கையை நீட்டினார்.

"பாருங்க சாமி. இந்தக் கை பட்டு வந்த தீட்டு, இந்தக் கை மெழுகுனதும் போயிருச்சாமா. எப்பேர்ப்பட்ட கை!"

நகரசபையில் முறையிட்டேன். "எருவுக்கு வர்ற தண்ணியையும் கெடுத்துராதீங்க" என்றார்கள். இந்தக் கோடையிலும் அவர் குட்டையில்தான் குடித்தார்.

முந்தாநாள் அவர் உடலைக் குளிப்பாட்டக் குட்டைத் தண்ணீர் வேண்டாம் என்று அவர் மகள் கதறினார். நான் தோட்டத்துக்கு ஓடினேன். மாடுகள் கிணற்றில் கவலை ஏற்றம் இறைத்துக்கொண்டிருந்தன. தோல் பறி நிறைய நீர் மேலே வந்தது. பண்ணையக்காரரிடம் ஒரு குடம் கேட்டேன்.

"உங்களுக்குன்னா மோரே தாரனுங்க தம்பி. அங்க கொண்டு போறதுக்குன்னா, வேண்டாமுங்க."

குளிப்பாட்டாமலே அனுப்பினோம் அம்மா. எங்களை மன்னிக்க வேண்டாம்.

இன்று காலை உங்கள் இடத்தில் உங்கள் மகள் நின்றார். நான் வாய்க்காலருகே நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "குழியில் நிற்பவர்கள் இங்கே குடம் பிடிக்கட்டும். விடுங்கள்."

பண்ணையக்காரர் மாடுகளை அதட்டினார். தண்ணீர் குழிக்குள் விழுந்துகொண்டிருந்தது.